மூன்றாவது கண் யாருடையது?

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: தெருவுக்குத் தெரு முளைத்துவிட்ட கேமரா. நான் குடியிருப்பது ஐயப்பன்தாங்கலில். கேள்விகளைப் படித்த அன்று மாலையே என் வீட்டு வாசலிலிருந்து மவுண்ட்-பூந்தமல்லி சாலை வரை நடந்து எண்ணிப் பார்த்தேன். ஏழு நிமிட நடையில் 31 கேமராக்கள். ‘இது இன்னாருடையது’ என்று சொல்லும் பலகை ஒன்றுகூட இல்லை. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் கேமராவுக்கே.

? ஒரே வரியில் சொல்லுங்கள். தெருவில் கேமரா வேண்டுமா, வேண்டாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்டுப்பாக்கம்*

வேண்டும். ஆனால் அது யாருடைய கண் என்பது தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

? பத்து வருடம் முன்பு நகைக்கடையிலும் வங்கியிலும்தான் பார்த்தோம். சத்தமே இல்லாமல் எப்படி இத்தனை வந்தன?
*மளிகைக் கடைக்காரர், ஐயப்பன்தாங்கல்*

மூன்று படிகளில் வந்தன. முதல் படி 2012. நகர்ப்புறங்களில் மக்கள் கூடும் கட்டடங்களில் கேமரா பொருத்துவதைத் தமிழக அரசு விதியாக்கியது. இரண்டாவது, 2016 ஜூன் 24. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில், பலர் கண்ணெதிரே ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. சந்தேக நபரின் உருவம் கிடைத்தது பக்கத்துத் தெருவில் இருந்த தனியார் கேமராவில். அன்று இந்த ஊருக்கு வந்த பயம் நியாயமான பயம்.

மூன்றாவது, 2017க்குப் பிறகு சென்னை காவல் ஆணையராக இருந்த ஏ.கே. விசுவநாதன் முன்னெடுத்த ‘மூன்றாவது கண்’ திட்டம். 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. பணத்தில் பெரும்பங்கு அரசுடையது அல்ல; வியாபாரிகள், குடியிருப்போர் சங்கங்கள், வீட்டுக்காரர்கள் கொடுத்தது. 2022இல் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது நம் பக்கம் அதன்கீழ் வந்தது. அதற்குள் நமக்கே பழகிவிட்டது. வீடு கட்டினால் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கேமரா மாட்டுகிறோம். தெருக் கேமரா அரசாணை போட்டு வந்திருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். நாமே சந்தா போட்டு வாங்கியதால் யாரும் கேட்கவில்லை.

? உலகத்திலேயே சென்னையில்தான் கேமரா அதிகம் என்கிறார்களே, உண்மையா?
*கல்லூரி மாணவி, பூந்தமல்லி*

யார் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று கணக்கிட்டுச் சென்னையை உலகில் முதலிடத்தில் வைத்தது. கம்பேரிடெக் என்ற இன்னொரு நிறுவனம் 2021இல் டெல்லி, லண்டனுக்கு அடுத்து மூன்றாமிடம் தந்தது. அதன் கணக்கு சதுர மைலுக்கு 609.9. கிலோமீட்டருக்கு மாற்றினால் சுமார் 235தான். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே காலம், ஆனால் மூன்று மடங்கு வித்தியாசம். இரண்டாலும் நம் வீட்டு வாசல் கேமராக்களை ஒன்று விடாமல் எண்ணியிருக்க முடியாது. நாய்க்கு உரிமம் உண்டு, ஆட்டோவுக்கு பெர்மிட் உண்டு. தெருவைப் பார்க்கும் வீட்டுக் கேமராவுக்கு ஒரு பதிவேடு கிடையாது.

? கேமரா வைத்தால் திருட்டு குறையுமா?
*டூவீலர் மெக்கானிக், குமணன்சாவடி*

உங்கள் தொழிலுக்குப் பொருத்தமான பதிலே இருக்கிறது. 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஆய்வாளர்கள் பார்த்தபோது, கேமரா வந்த இடங்களில் குற்றம் மொத்தத்தில் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அதிகம் தெரிந்தது வாகன நிறுத்தங்களில். அடிதடி, வெட்டுக்குத்து போன்ற வன்முறையில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை. யோசித்துச் செய்கிறவன் கேமராவைப் பார்த்துத் தயங்குவான். ஆத்திரத்திலும் போதையிலும் வருகிறவன் நிமிர்ந்தே பார்க்கமாட்டான். உங்கள் பட்டறை வாசலில் நிற்கும் வண்டிகளுக்குக் கேமரா வையுங்கள். தெருவிளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

? எதிர் வீட்டு இரண்டாவது மாடிக் கேமரா எங்கள் மொட்டை மாடியை நேராகப் பார்க்கிறது. துணி காயப்போடப் போனாலே உடம்பு கூசுகிறது. சொன்னால் ‘பாதுகாப்புக்குத்தானே’ என்கிறார்கள். நான் பெரிதுபடுத்துகிறேனா?
*இல்லத்தரசி, பரணிபுத்தூர்*

இல்லை. கூச்சம்தான் இந்த விஷயத்தில் முதல் சாட்சி.

1994இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு ஒன்று நம் தமிழ்நாட்டுடையது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் தொடுத்த வழக்கு. இதழுக்கு வெளியிடும் உரிமை உண்டு என்ற அதே தீர்ப்புதான், தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடச் சொல்லும் உரிமையும் குடிமக்களுக்கு உண்டு என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக உறுதிசெய்தார்கள். 2025இல் கொல்கத்தாவில், ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா வைத்தது தவறு என்றது உயர் நீதிமன்றம். அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம்.

சட்டம் கடைசிப் படிதான். முதலில் இதைச் செய்யுங்கள். எதிர் வீட்டுக்காரரை உங்கள் மாடிக்கே அழைத்து, கொடிக்கயிற்றுப் பக்கத்தில் நிற்கவைத்து, அவர் கேமராவை அவரையே நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். என் பழைய வீட்டில் இப்படி ஒரு தகராறு அரை மணியில் தீர்ந்தது. கேமராக் காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி உண்டு. ‘பிரைவசி மாஸ்க்’ என்று மெனுவிலேயே இருக்கும். கேமராவைக் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் மாடியை மட்டும் மறைத்தால் போதும். அதற்கும் மறுத்தால் எழுத்தில் கொடுங்கள். பிறகு காவல் நிலையம்.

? இரவில் கேமராவைச் சுற்றிச் சிவப்பாக மினுக்குகிறதே, அது என்ன?
*ஏழாம் வகுப்பு மாணவன், தெள்ளியார் அகரம்*

அகச்சிவப்பு விளக்கு. நம் கண்ணுக்குத் தணல் போல லேசாகத் தெரியும். கேமராவுக்கு அது டார்ச் லைட். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸின் மேலேயே வலை கட்டும். இரவுப் பதிவுகள் பலவற்றில் வெள்ளை நூலாக ஆடுவது ஒட்டடைதான். உங்கள் வீட்டில் கேமரா இருந்தால் மாதம் ஒருமுறை அப்பாவைத் துடைக்கச் சொல்.

? சங்கிலி பறித்தவனைத் தேடி எங்கள் சங்கத்து டிவிஆரைப் பார்த்தால், 12 நாளுக்கு முந்தையது எதுவுமே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
*குடியிருப்போர் சங்கச் செயலாளர், கெருகம்பாக்கம்*

ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு சுமார் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் 11 நாளில் நிரம்பிவிடும். பிறகு பழையதன் மேல் புதியது பதியும். சம்பவம் நடந்தால் அன்றே பென் டிரைவில் எடுத்து வைப்பதுதான் வழி.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் சித்திரவதைப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது: 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தது, ஆனால் அன்றாடம் பதிவு தானாக அழியும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்தது. அந்த இரவின் காட்சி ஒரு நொடிகூட மிஞ்சவில்லை. உங்கள் சங்கத்துக் கேமராவில் 11 நாள் நிற்பது, காவல் நிலையத்தில் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு மூலை விடாமல் கேமரா வேண்டும், ஒலியும் பதிய வேண்டும், 18 மாதம் சேமிக்க வேண்டும், அத்தகைய கருவி கிடைக்காவிட்டாலும் ஓர் ஆண்டுக்குக் குறையக்கூடாது. 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமரா வேலை செய்யாததைப் பற்றி அதே நீதிமன்றம் தானாக முன்வந்து மறுபடி விசாரிக்க வேண்டியிருந்தது. நம்மைப் பார்க்கும் கண் தூங்குவதில்லை. அதிகாரத்தைப் பார்க்க வேண்டிய கண் மட்டும் ஏன் அடிக்கடி கெட்டுப்போகிறது என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

? போலீஸ் வந்து டிவிஆர் பெட்டியையே கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா?
*மருந்துக்கடை உரிமையாளர், போரூர்*

விசாரணைக்குத் தேவை என்றால் ஒத்துழைக்க வேண்டும். எழுத்தில் கேட்க அவர்களுக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94ஆம் பிரிவு இருக்கிறது. எழுத்தில் வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெட்டியை எடுத்தால் மகஜர் போட வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, இப்படிப்பட்ட பதிவோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் சேர வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்றில் கையெழுத்திடுவார், நிபுணர் இன்னொன்றில். அதாவது உங்கள் கேமராவுக்கு நீதிமன்றத்தில் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. இன்றே கடிகாரத்தையும் சரிபாருங்கள். பெட்டியில் நேரம் 20 நிமிடம் முந்தி ஓடினால், 9 மணிக்குக் கடைக்கு வந்த ஒருவர் 9.20 மணிச் சம்பவத்துக்குச் சாட்சியாகிவிடுவார். சந்தேக நபராகவும் ஆகிவிடலாம்.

? ‘இவன்தான் நம் தெருவை நோட்டம் பார்க்கிறான், உஷார்’ என்று கேமரா படத்தை வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். சரியா?
*ஐடி ஊழியர், ஐயப்பன்தாங்கல்*

தவறு. உயிரைக் குடிக்கக்கூடிய தவறு.

தெலங்கானாவின் மேடக்கில் 2023 ஜனவரியில் ஒரு சங்கிலிப் பறிப்பு. கேமராவில் தெரிந்தவன் சாயலில் இருக்கிறார் என்று ஒரு கூலித் தொழிலாளியைப் போலீஸார் பிடித்துப் போனார்கள். காவலில் தன்னை அடித்ததாக அவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொன்னார். பிப்ரவரியில் இறந்துபோனார். சாயல்தான் அவர் செய்த குற்றம்.

திருக்குறளில் ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 59ஆவது. ஒற்றன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறார் வள்ளுவர். அரசனுக்குச் சொன்னது அது. இன்று செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒற்றன் வைத்திருக்கிறோம். அந்த அறிவுரை நமக்கும்தான். முகவரி தேடி அலையும் டெலிவரிப் பையன், வாடகைக்கு வீடு பார்க்க வந்த வடமாநிலத் தொழிலாளி, கேட்டைத் தட்டத் தயங்கி நிற்கும் உறவினர் எல்லோரும் கேமராவில் ‘நோட்டம் பார்ப்பவர்’ போலத்தான் இருப்பார்கள். சந்தேகம் இருந்தால் படத்தைக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். குழுவுக்கு வேண்டாம்.

? கேமரா மாட்டிய பையன் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டையே வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?
*சிறு தொழிற்கூடம் நடத்துபவர், அம்பத்தூர்*

இதைப் படித்து முடிக்கும் முன் மாற்றிவிடுங்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா பாஸ்வேர்டு ‘அட்மின்123’. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் திருடுபோய், டெலிகிராமில் விலைக்கு வந்தன. 2025 பிப்ரவரியில்தான் வெளியே தெரிந்தது. அந்தப் பெண்கள் வைத்தியம் பார்க்கப் போனவர்கள். 2016இல் உலகெங்கும் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் வசப்படுத்தி, ‘மிராய்’ என்ற நிரல் மூலம் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள். 2025 ஏப்ரலில் இருந்து, பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களை மட்டுமே இந்தியாவில் விற்க முடியும். அது புதிதாக வாங்குபவர்களுக்கு. பழைய கேமராவுக்கு நீங்கள்தான் காவல்.

? நாலு வீட்டில் வேலை செய்கிறேன். அடுக்குமாடியில் கேட், லிஃப்ட், ஹால், சமையற்கட்டு எல்லா இடத்திலும் கேமரா. முந்தானையைச் சரிசெய்யக்கூட ஒதுங்க இடமில்லை. யாரிடம் சொல்வது?
*வீட்டுவேலை செய்யும் பெண், காட்டுப்பாக்கம்*

அம்மா, இந்த முறை வந்ததிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. கேமராவை அதிகம் சுமப்பவர்கள் அதை வாங்கியவர்கள் அல்ல. நீங்களும், காவலாளியும், குப்பை எடுப்பவரும், டெலிவரி பிள்ளைகளும்தான்.

உங்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: வீட்டுக்குள் கேமரா இருந்தால் வேலைக்குச் சேரும் நாளிலேயே எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். உடை மாற்ற, உட்கார்ந்து சாப்பிட, கேமரா இல்லாத ஓர் இடம் கொடுங்கள். ஒரு பொருள் காணாமல் போய்ப் பழி வந்தால், முழுப் பதிவையும் பார்க்க அவருக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள். குற்றம் சாட்ட மட்டும் பயன்பட்டு, குற்றமில்லை என்று காட்டப் பயன்படாத கேமரா பாதுகாப்பு ஆகாது.

? பெண்கள் விடுதியில் சேரப் போகிறேன். எதைப் பார்த்துச் சேர வேண்டும்?
*வேலை தேடும் இளம்பெண், ஆவடி*

2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில், பெண்கள் விடுதி நடத்தியவரே மறைகேமரா வைத்ததாகக் கைதானார். கண்டுபிடித்தது அங்கே தங்கியிருந்த பெண்கள். அறையில் சுவிட்ச் பெட்டி, பிளக் பாயிண்ட், புகை உணரி, ஹேங்கர் ஆகியவற்றைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் லென்ஸ் மின்னும். சந்தேகம் வந்தால் கையால் எடுக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு காவல்துறையை அழையுங்கள்.

? ஐயப்பன்தாங்கல் டெப்போவிலிருந்து தினமும் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸுக்குள் கேமரா இருப்பது எனக்குத் தைரியமாகத்தான் இருக்கிறது. அதுவும் தப்பா?
*துணிக்கடை விற்பனைப் பெண், ஐயப்பன்தாங்கல்*

தப்பே இல்லை. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் 2022 மே முதல் மாநகரப் பேருந்துகளில் வந்த கேமராவோடு அவசரப் பொத்தானும் வந்தது. ஆபத்தில் நீங்கள் அழுத்தினால் மறுமுனையில் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். நல்ல கேமராவுக்கு இலக்கணம் அதுதான். பார்ப்பவருக்குக் கடமை உண்டு, பார்க்கப்படுபவர் கையில் பொத்தான் உண்டு.

? முகத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்துவிட்டதாமே?
*புகைப்படக் கலைஞர், திருவேற்காடு*

தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளம் 2021இல் தொடங்கப்பட்டது. 2024 மே மாதம், ஒரு நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்டு களவுபோய் வெளியாள் உள்ளே நுழைந்ததைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவது?

? புதுச் சட்டம் வந்துவிட்டதே, அது நம்மைக் காப்பாற்றாதா?
*வழக்கறிஞர், பூந்தமல்லி*

பாதி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு தரலாம். தனிமனிதர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதற்கும் சட்டம் பொருந்தாது. தெருவைப் பார்க்கும் வீட்டுக் கேமரா ‘வீட்டு உபயோகம்’ தானா? செக் நாட்டில் ஒருவர் தன் வீட்டுக் கண்ணாடியை உடைத்தவர்களைப் பிடிக்க வைத்த கேமரா, நடைபாதையையும் எதிர் வீட்டு வாசலையும் பதிவு செய்தது. பொது இடத்தைப் பார்த்தால் அது வெறும் வீட்டு விஷயம் அல்ல என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் அந்தக் கேள்வியை எடுத்துப் போக உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

? ஊரே காசு போட்டுக் காவல் வைப்பது நமக்குப் புதிதா?
*வரலாற்று மாணவர், மாங்காடு*

பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற சொல் வரும். ஊர்க்காவலுக்கும் அந்தப் பெயர், அதற்குக் கொடுத்த வரிக்கும் அந்தப் பெயர். பின்னாளில் தலையாரி வந்தார். பணம் ஊருடையது, காவல் ஊருடையது என்பது அன்றும் இருந்தது. ஆனால் தலையாரிக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது. ஆடு காணாமல் போனால் அவர் வாசலில் போய் நின்று கேட்கலாம். அந்தப் பகுதியைத்தான் நாம் இப்போது விட்டுவிட்டோம்.

? சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?
*நான்கு பேர் கேட்ட ஒரே கேள்வி*

தெருவைப் பார்க்கும் ஒவ்வொரு கேமராவின் கீழும் ஒரு பலகை. அதில் நான்கு விவரம் போதும்: யாருடையது, எதைப் பார்க்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கும், யாரிடம் கேட்க வேண்டும். சங்கத்தில் ஒரு நோட்டு; யார், எந்தத் தேதியில், எதற்காகப் பதிவைப் பார்த்தார் என்று கையெழுத்து. ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாருக்கும் தெரிந்த நாட்கள். நகராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. குடிநீர், குப்பையோடு இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள்.

? உங்கள் வீட்டில் கேமரா இருக்கிறதா?
*ஐயப்பன்தாங்கல்வாசி*

ஒன்று இருக்கிறது. 31இல் ஒன்று என்னுடையதுதான். பலகை இல்லாத 31இல் ஒன்று. எண்ணிவிட்டு வந்த மறுநாளே பலகை எழுதி மாட்டினேன். பெயர், செல்போன் எண், ‘வாசலையும் வண்டியையும் பார்க்கிறது, 11 நாள் பதிவு’.

இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கு, இருட்டு பிரியும் முன் கோலம் போடுவார். முன்பெல்லாம் நைட்டியோடு வந்து உட்காருவார். ஒன்றிரண்டு வருடமாகத் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, குனியும்போதெல்லாம் ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்தபடி புள்ளி வைக்கிறார். காரணம் குளிர் என்று நினைத்திருந்தேன். பலகையைப் பார்த்த அன்று நேராக வந்தார். “தம்பி, உன்னோடதுல எங்க வாசல் தெரியுதா?” செல்போனில் காட்டினேன். ஓர் ஓரமாகத் தெரிந்தது. அவர் எதிரிலேயே அந்த ஓரத்தைக் கறுப்புக் கட்டமாக மறைத்தேன். தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

பிறகு திரும்பி, அவர் வாசலுக்கு நேர் எதிரே இருந்த வீட்டைக் காட்டினார். உரிமையாளர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது, மாடியில் இரண்டு கேமரா மட்டும் விழித்திருக்கிறது.

“உன்னோடதைக் கேட்க உன்கிட்ட வந்தேன். அதுக்கு யார்கிட்டப் போறது?”

மறுநாள் விடியற்காலையும் அவர் தோளில் துண்டு இருந்தது.